147ல் இருக்கும் அம்மா: ஸ்பூல் அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: ஸ்பூல் டேப்ரெக்கார்டரில் டேப் எங்கே இருக்கிறது என்று காட்டும் கவுண்ட்டரில் ஓடும் எண் நிமிடமும் இல்லை, அடியும் இல்லை என்று. அந்த ஒரு வரிக்குப் பதினோரு கடிதம் வந்திருக்கிறது. செங்கோட்டையில் சாரல் பிடித்துக்கொண்டுவிட்டது. இந்த ஈரத்தில் எவனும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர மாட்டான். உட்கார்ந்து பதில் எழுத இதைவிட நல்ல நேரம் கிடையாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டின் தேய்மானம் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, அப்பா வைத்திருந்த அகாய் 4000 டிஎஸ் மெஷினும் முப்பத்தெட்டு ஸ்பூலும் வீட்டில் இருக்கின்றன. இலங்கை வானொலிப் பாட்டு, கோயில் கொடை மேளம், வீட்டுப் பேச்சு எல்லாம் உண்டு. எதில் எங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதியிருக்கிறார். '12ஆம் ஸ்பூல், 147, அம்மா பேச்சு' என்கிற மாதிரி. இப்போது கவுண்ட்டர் நின்றுவிட்டது. இன்ஜினீயரிங் படிக்கும் மகன், அதைக் கழற்றி எறிந்துவிட்டு நிமிடம் விநாடி காட்டும் டிஜிட்டல் கவுண்ட்டர் வைக்கலாம் என்கிறான். வைக்கலாமா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், புளியறை)

பதில்: வைக்கலாம். ஆனால் கழற்றி எறியச் சொன்னான் பாருங்கள், அங்கேதான் மகனை ஒரு நிமிடம் நிறுத்தணும்.

அப்பா நோட்டில் எழுதிய 147 அந்த மெஷினோடு பிறந்த எண். ஸ்பூல் அச்சிலிருந்து சின்ன ரப்பர் பெல்ட் ஒன்று கவுண்ட்டருக்குப் போகும். ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் அது எண்ணுகிறது, அதையும் நேராக எண்ணுவதில்லை. புல்லி அளவைப் பொறுத்து இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு எண் நகரும். ஒரு கம்பெனி மெஷினில் 147 என்றால் இன்னொரு கம்பெனி மெஷினில் அதே இடம் 200ஆக இருக்கலாம், 90ஆகவும் இருக்கலாம். மகன் வைக்கப்போகும் கவுண்ட்டர் நிமிடத்தை மட்டும் காட்டினால் அந்த நோட்டு அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போகவேண்டியதுதான். முப்பத்தெட்டு ஸ்பூலுக்கு உங்கள் அப்பா ராத்திரி உட்கார்ந்து போட்ட வரைபடம் அது.

சரி, சுற்றுக்கும் நிமிடத்துக்கும் என்ன சம்பந்தம்? 7 அங்குல ஸ்பூலில் லாங் பிளே டேப் 540 மீட்டர் இருக்கும். டேப்பின் கனம் 35 மைக்ரான், அதாவது 0.035 மில்லிமீட்டர். காலி ஸ்பூலின் நடுத்தண்டு 57 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஸ்பூலை நீங்கள் அளந்துகொள்ளுங்கள், எல்லா ஸ்பூலுக்கும் இதே அளவு இருக்காது. 9.5 வேகத்தில், அதாவது விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர் என்று ஓடவிட்டால் முதல் நிமிடத்தில் டேப் ஏறும் ஸ்பூல் 32 சுற்று சுற்றும். டேப் ஏற ஏற ஸ்பூல் பருக்கும். கடைசி நிமிடத்தில் 11 சுற்றுதான். முழு டேப்பும் ஓடி முடிக்க ஏறக்குறைய 1550 சுற்று. அதில் பாதிச் சுற்று முடிந்தபோது டேப் பாதி ஓடியிருக்காது, எட்டில் மூன்று பங்குதான் ஓடியிருக்கும். 'கவுண்ட்டர் நடுவுக்கு வந்துவிட்டது, இன்னும் பாதி டேப் இருக்கிறது' என்று நம்பிக் கச்சேரி பதிந்தவர்களுக்கு நஷ்டமில்லை, டேப் மிச்சம்தான். சில மெஷினில் பெல்ட் டேப் இறங்கும் ஸ்பூலிலிருந்து போகும். அதில் கணக்கு தலைகீழ், பாதி எண் வந்தபோது எட்டில் ஐந்து பங்கு போயிருக்கும். அங்கே மங்களம் பாடும் முன்பே டேப் தீர்ந்துவிடும்.

இப்போது மகனுக்கு வேலை. முதலில் பின்மூடியைக் கழற்றி, பெல்ட் எந்தப் பக்க ஸ்பூலிலிருந்து போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். புதுப் பெல்ட் ஒன்றைப் போட்டுப் பழைய கவுண்ட்டரை ஒரு தரமாவது உயிர்ப்பிக்கணும். பூஜ்யத்தில் வைத்து, ஸ்பூல் தட்டைக் கையால் சரியாக 100 சுற்று சுற்றச் சொல்லுங்கள். கவுண்ட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் அந்த மெஷினின் சாவி. என் கடையில் இருக்கும் ஒரு மெஷினில் 43 வந்தது. உங்களுடையதில் வேறு வரும். எனக்கு முதல் தரம் 43, இரண்டாம் தரம் 41 வந்தது. இரண்டாம் தரம் சுற்றும்போது டீ வந்துவிட்டது, எண்ணிக்கையை விட்டுவிட்டேன். மூன்றாம் தரமும் 43. அதனால் மூன்று தரம் சுற்றுங்கள்.

ஸ்பூல் தட்டின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை ஒட்டி, அதைப் பார்க்கிற மாதிரி இரண்டு ஒளி சென்சார் வைத்தால் சுற்று எண்ணிக்கை கிடைத்துவிடும். ஒன்று போதாதா என்றால் போதாது. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை சேர்ந்த அகலத்தில் கால் பங்கு தள்ளி இரண்டாவதை வைத்தால்தான் ஸ்பூல் முன்னே போகிறதா, ரீவைண்ட் ஆகிறதா என்று போர்டுக்குத் தெரியும். புரோகிராம் எழுதி ஏற்றுகிற ஒரு சின்ன ஆர்டுயினோ போர்டு, நாலு எழுத்து டிஸ்பிளே, ஒரு பொத்தான். பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் அப்பா எண், இன்னொரு தரம் அழுத்தினால் நிமிடம்.

அப்பா எண்ணுக்கு, சாவியை 100ஆல் வகுத்து (என் மெஷினுக்கு 0.43) சுற்றை அதனால் பெருக்கினால் தீர்ந்தது. நிமிடத்துக்குக் கொஞ்சம் கணக்கு வேணும். பெல்ட் டேப் ஏறும் ஸ்பூலில் இருந்தால் இப்படி: சுற்று எண்ணிக்கையை டேப் கனத்தால் பெருக்கி, நடுத்தண்டின் விட்டத்தோடு கூட்டுங்கள். வந்ததை மறுபடி சுற்று எண்ணிக்கையாலும் 3.1416ஆலும் பெருக்கினால் ஓடிய டேப்பின் நீளம். அதை வேகத்தால் வகுத்தால் விநாடி. என் மெஷின் கணக்கில் 147 என்பது 342 சுற்று, 74 மீட்டர், 9.5 வேகத்தில் 13 நிமிடம். அப்படியானால் 294க்கு 26 நிமிடமா? இல்லை, 30 நிமிடத்தைத் தாண்டிவிடும். பழைய கவுண்ட்டரின் குணம் முழுக்க இந்த நாலு நிமிட வித்தியாசத்தில் இருக்கிறது.

டேப்பின் கனம் அட்டைப்பெட்டியிலேயே தெரிந்துவிடும். ஸ்டாண்டர்ட் என்றால் 50 மைக்ரான் சுமார், லாங் பிளே 35, டபுள் பிளே 26 பக்கம். மூன்றையும் போர்டில் வைத்துப் பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சந்தேகம் வரணும், வரவில்லை என்றால் நானே கிளப்புகிறேன். அப்பா பூஜ்யத்தை எங்கே வைத்தார்? டேப்பின் முனையில் ஒட்டியிருக்கும் பதிவில்லாத வெள்ளை லீடர் முடியும் இடத்திலா, டேப்பை ஸ்பூலில் மாட்டியதுமா? நோட்டில் முதல் பதிவை எடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். எண் ஒன்றிரண்டு தள்ளி வந்தால் அந்த வித்தியாசத்தை எல்லா இடத்திலும் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிவும் பொருந்திவிட்டால் மீதியும் பொருந்தும். முன் பேனலில் மட்டும் ஓட்டை போடாதீர்கள். டிஸ்பிளேயைச் சின்னப் பெட்டியில் வைத்து மெஷின் பக்கத்தில் வையுங்கள். பழைய கவுண்ட்டர் அதே இடத்திலேயே இருக்கட்டும்.

12ஆம் ஸ்பூலை முதலில் போடாதீர்கள். ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு ஸ்பூலில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அப்புறம் அம்மாவுக்கு வாருங்கள்.

கேள்வி: அங்கிள், சுற்றை எண்ணாமல், டேப் உரசிக்கொண்டு போகும் உருளையில் காந்தம் ஒட்டி, காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வைத்தால் இன்னும் துல்லியமாக வருமே? அதை ஏன் நீங்கள் சொல்வதில்லை? (கல்லூரி மாணவர், தென்காசி)

பதில்: முதலில், இந்தப் பக்கத்தில் நான் அண்ணாச்சி. அங்கிள் எல்லாம் தென்காசிக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

உருளை யோசனை சரிதான். ஸ்டூடியோ மெஷின்களில் உருளையிலிருந்துதான் நிமிடம் விநாடி எடுப்பார்கள். ஸ்பூல் பருத்தாலும் இளைத்தாலும் உருளைக்குக் கவலை இல்லை, டேப்பின் நீளத்தை நேராகவே அளக்கும். 20 மில்லிமீட்டர் உருளை ஒரு சுற்று சுற்றினால் 62.8 மில்லிமீட்டர் டேப் போயிருக்கிறது, 19 வேகத்தில் விநாடிக்கு மூன்று சுற்று. ஆனால் உருளையின் விட்டத்தை 0.1 மில்லிமீட்டர் தப்பாக அளந்தால் 47 நிமிட டேப்பில் 14 விநாடி தப்பு வரும். வேகத்தையும் 19 என்று போடாமல் 19.05 என்று போடுங்கள், அதிலேயே 7 விநாடி போய்விடும். ரீவைண்டில் டேப் பறக்கும்போது உருளை வழுக்கினால் அது தனிக் கணக்கு.

நான் வேண்டாம் என்பது காந்தத்தை. ஏன் என்று சொல்ல எனக்கே கூச்சம். என் முதல் டிஜிட்டல் கவுண்ட்டரை இதே மாதிரிதான் செய்தேன். பட்டன் அளவு காந்தம், உருளையின் தலையில் பசை போட்டு ஒட்டினேன். அழகாக எண்ணியது. முன்னும் பின்னும் ஓடவிட்டு, பூஜ்யத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பத்துத் தரம் பார்த்தேன். சோதனைக்கு நான் எடுத்த டேப் எது தெரியுமா? என் தங்கச்சி கல்யாணத்தில் ஆச்சி பாடிய நலங்குப் பாட்டு. கைக்கு அதுதான் கிடைத்தது, வேறு காரணம் இல்லை. பத்தாம் தரம் சத்தத்தை ஏற்றிக் கேட்டேன். ஆச்சி குரலுக்கு அடியில் 'தப்... தப்... தப்' என்று ஒரு சத்தம், விநாடிக்கு ஒன்றரைத் தரம். 9.5 வேகத்தில் அந்த உருளை விநாடிக்குச் சுற்றுவதும் ஒன்றரைச் சுற்றுதான். டேப்பிலிருந்து அந்தக் காந்தம் நாலு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. காந்தத்தைப் பெயர்த்து எடுத்தேன், சத்தம் போகவில்லை. டேப்பில் பதிந்துவிட்டது. இன்றைக்கும் இருக்கிறது. தங்கச்சிக்கு அது பின்னணி மேளம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பத்திரிகையை அவள் வாங்குவதில்லை.

அதனால் ஒளி. உருளையின் அச்சில் 12 பிளவு உள்ள சின்னத் தட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற சென்சார். ரீவைண்டில் விநாடிக்கு எழுநூறு துடிப்பு வந்தாலும் ஆர்டுயினோ திணறாது, துடிப்பு வந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு எண்ணுகிற 'இன்டரப்ட்' முறையில் எண்ணச் சொல்லணும், அவ்வளவுதான். மின்விளக்கின் வெளிச்சம் சென்சாரில் விழாமல் கறுப்பு அட்டையால் மூடுங்கள். தட்டை இலேசாகச் செய்யுங்கள். உருளைக்குப் பாரம் ஏறினால் டேப் இழுவை மாறும், பாட்டு அலையும்.

கேள்வி: சவுதியிலிருந்து மாமா கொண்டுவந்த மெஷினில் நண்பர் உருளைக் கவுண்ட்டர் வைத்துக் கொடுத்தார். கடிகாரத்தில் அரை மணி நேரம் ஓடினால் கவுண்ட்டர் 25 நிமிடம்தான் காட்டுகிறது. நண்பர் புரோகிராமைப் பத்துத் தரம் மாற்றிவிட்டார். (புனலூர் வாசகர்)

பதில்: நண்பரைத் திட்டாதீர்கள். அவருடைய கவுண்ட்டர் உண்மையைச் சொல்கிறது, மெஷின்தான் பொய் சொல்கிறது.

30க்கு 25, அதாவது ஆறில் ஐந்து. இந்த விகிதத்தைப் பார்த்ததும் எனக்கு 60ம் 50ம் ஞாபகம் வந்தது. சவுதியில் கரண்ட்டின் அதிர்வெண் 60, நம் ஊரில் 50. இந்த வகை மோட்டார் வோல்ட்டைப் பார்த்து ஓடுவதில்லை, அதிர்வெண்ணைப் பார்த்து ஓடுகிறது. 60க்கு அமைத்த மெஷினை இங்கே சொருகினால் 19 வேகம் பதினாறுக்குக் கீழே இறங்கிவிடும். மெஷினின் பின்புறத்தைப் பாருங்கள். சில மெஷினில் 50, 60 என்று சுவிட்சே இருக்கும். சிலவற்றில் மோட்டார் புல்லியை மாற்றணும். அப்படியே வோல்ட் எதில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள், சவுதியில் 127 வோல்ட் வீடுகளும் உண்டு.

மாமா இத்தனை வருஷம் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். இங்கே வந்த பிறகு பதிந்ததை இதே மெஷினில் கேட்டால் ஒன்றும் தெரியாது, மெதுவாகப் பதிந்து மெதுவாகவே கேட்கிறீர்கள். அங்கே பதிந்த டேப்பையோ வேறொருவர் டேப்பையோ போட்டால்தான் குட்டு வெளிப்படும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: புல்லி மாற்றிய பிறகு, இங்கே பதிந்த டேப் எல்லாம் வேகமாக, கீச்சென்று கேட்கும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு அப்புறம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது எந்தக் காலத்து டேப் என்று பெட்டியில் குறித்து வையுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் கவுண்ட்டர் வைத்ததிலிருந்து ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று மெல்லிய இரைச்சல். கவுண்ட்டரை அணைத்தால் நின்றுவிடுகிறது. (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் ஒரு மில்லிவோல்ட் பக்கம்தான். உங்கள் டிஸ்பிளே ஒரே நேரத்தில் நாலு எழுத்தையும் எரிப்பதில்லை, ஒவ்வொன்றாக மின்னி மின்னி நம் கண்ணை ஏமாற்றுகிறது. அந்த மின்னல்தான் கிர்ர். கவுண்ட்டருக்கு மெஷினின் ஆம்ப்ளிஃபையர் சப்ளையிலிருந்து கரண்ட் எடுத்திருப்பீர்கள், அதைத்தான் முதலில் துண்டிக்கணும். தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 7805 என்கிற ரெகுலேட்டர் சில்லு போட்டு 5 வோல்ட் கொடுங்கள். விலை மலிவான செல்போன் சார்ஜர் வேண்டாம், அது தன் பங்குக்கு வேறு ஒரு இரைச்சல் தரும். வயர்களை ஹெட் பக்கமாகக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: கரண்ட் போனால் எண் பூஜ்யமாகிவிடுகிறது. விநாடிக்கு ஒரு தரம் போர்டின் நினைவகத்தில் எழுதி வைக்கச் சொல்லலாமா? (வாசகி, செங்கோட்டை)

பதில்: வேண்டாம்மா. அந்த நினைவகத்தின் ஒவ்வொரு இடமும் ஒரு லட்சம் தரம் எழுதத்தான் உத்தரவாதம். விநாடிக்கு ஒன்று என்று எழுதினால் 28 மணி நேரத்தில் உத்தரவாதம் முடிந்தது. ஸ்பூல் நின்று ஐந்து விநாடி ஆனதும் ஒரு தரம் எழுதச் சொல்லுங்கள், போதும். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால்? லீடர் வரை ரீவைண்ட் செய்து பூஜ்யம் வையுங்கள். நம் ஊர் கரண்ட்டுக்கு அது எப்படியும் பழகிப்போகும்.

கேள்வி: பழைய கவுண்ட்டர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடக்கிறது. (குமுளி வாசகர்)

பதில்: விரலால் தொட்டுவிட்டால் மூன்று நாளைக்குப் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் புல்லியைத் துடையுங்கள், பள்ளத்துக்குள் இருப்பதைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டுங்கள். புதுப் பெல்ட் அளவுக்கு, பெல்ட் போகிற வழியில் நூல் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். இறுக்கமாகப் போட்டால் ஸ்பூலின் இழுவையை அது தின்றுவிடும்.

கேள்வி: என்னிடம் ஐந்தே ஐந்து ஸ்பூல். டிஜிட்டல் கவுண்ட்டர் வாங்கட்டுமா? (பாவூர்சத்திரம் வாசகர்)

பதில்: வேண்டாம். ஐந்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். நிமிடம் விநாடி எல்லாம் அதுவே காட்டும்.

கேள்வி: டிஜிட்டல் வைத்துவிட்டேன், பழைய கவுண்ட்டர் தனியாகக் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா அண்ணாச்சி? (கடையநல்லூர் வாசகர்)

பதில்: மேலே புளியறைக்காரருக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேனே! சரி, உங்களிடம் நோட்டு இல்லை போலிருக்கிறது. பல்சக்கரம் உடையாமல் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், தபால் செலவை நான் தருகிறேன். என் கடையில் கவுண்ட்டர் இல்லாமல் வாய் பிளந்து நிற்கிற மெஷின் மூன்று இருக்கிறது.